பந்து வீசும் பையனுக்குப் பாடசாலை தேடுதல்

இடமாற்றம் பெற்று ஊர் விட்டு ஊர் செல்லும் குடும்பத்துக்கு முதலில் வேண்டியது வீடு என்பர். அனுபவப்பட்டோர் அப்படிச் சொல்லார். வீடு ஒரு வாரத்திற் கிடைத்துவிடும். பிள்ளைக்கேற்ற பாடசாலை கிடைப்பதே அரிது. விண்ணப்பப் பத்திரமும் கையுமாகக் கல்லூரி விறாந்தையில் நிற்கும் தந்தையரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். "கணிதம் ஆர் படிப்பிக்கிறார்? விடுதி எப்படி?" என்று விசாரிப்போர் பலர். "சேர், இவன் நல்லாய்ப் போல் போடுவான், இங்கே முதற் கோஷ்டியில் இடம் கிடைக்குமோ?" என்று தயங்கித் தயங்கிக் கேட்போரும் உளர்.

இந்தக் கடைசிக் கேள்வியை நாம் சிரித்து ஒதுக்கிவிடுவதுண்டு. எமது நாட்டில் இது சிலருடைய கேள்வியே. யப்பானிலோ 15 வயதுப் பையனைப் பெற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒவ்வோராண்டும் இதே கேள்வியோடு உறக்கமிழக்கின்றன. அங்கே ஆட்டம் கிரிக்கெட் அன்று, பேஸ்போல். பையனை ஊர்ப் பாடசாலையிலே விடுவதா, பல நூறு மைலுக்கு அப்பாலுள்ள பெயர்பெற்ற பாடசாலைக்கு அனுப்புவதா என்பதை அவர்கள் எங்ஙனம் தீர்மானிக்கின்றனர், அத்தீர்மானத்தால் விளைவன யாவை என்று பார்ப்பது எமக்கும் பயன் தரும். பிறந்த ஊரைக் கடல் கொண்டுபோக, வேற்றூரிற் குடியேறிய பையன் ஒருவனுடைய வரலாறும் இதில் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

கோடை வெயிலும் கறுத்த மண்ணும்

பேஸ்போல் ஆட்டத்தை எமது நேயர்கள் எல்லாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எமது நாட்டிலும் சில பாடசாலைகள் அதை ஆடுகின்றன. யப்பானின் உதவியுடன் தியகமவில் ஒரு மைதானமும் அமைந்துள்ளது. எனினும் பெரும்பாலோர்க்கு அது புதியதே. கிரிக்கெட்டுக்கு அதை ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம். கோஷ்டிக்கு 9 பேர். இரு கோஷ்டியாரும் மாறி மாறி 9 முறை துடுப்பெடுத்தாடுவர். ஓவர் என்பது கிடையாது. ஒருவரே ஆட்டம் முடியும்வரை பந்து வீசலாம். பந்து நிலத்திற் படாது. முழங்கையை மடக்கிச் சவுக்கைச் சொடுக்குவது போல அதை எறிகின்றனர். ஆகவே வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் வீச்சாளரின் ஒரு கையிலேயே தங்கியிருக்கின்றன. நேயர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இனிச் சொல்லப்போவது முழுவதும் அந்தக் கையைப் பற்றியதே.

யப்பானிய உயர்நிலைப் பாடசாலைகளின் அகில நாட்டுப் போட்டி 1915இல் ஆரம்பமாயிற்று. 1924இல் ஹியோகோ மாகாணத்து நிஷினோமியா நகரிலே கோஷியென் என்னும் பெரிய மைதானம் கட்டப்பட்டது. அன்று தொட்டு அதுவே போட்டியின் இல்லமாயிற்று. போர்க்காலத்திலும், கொரோனா நோய் பரவிய 2020இலும் தடைப்பட்டதைத் தவிர, ஆகஸ்ட் மாத வெயிலிலே ஆண்டுதோறும் அங்கு விழாக் கொண்டாடப்படுகிறது. 47,000 பேர் இருந்து பார்க்கத்தக்க மைதானம் அது. ஆட்டங்களைத் தேசிய ஒலிபரப்பு நிறுவனம் நாடெங்கும் காட்டுகிறது. தோற்ற கோஷ்டிப் பையன்கள் முழந்தாளிட்டு, அழுதுகொண்டே, மைதானத்துக் கறுத்த மண்ணைச் சிறு பைகளில் அள்ளிச் செல்வர். அந்த மண்ணை வீட்டிலே பக்குவமாக வைத்திருக்கும் கிழவர்களும் உளர். அங்கே ஒரு முறையேனும் நின்று ஆட வேண்டும் என்பதுதான் பேஸ்போல் ஆடும் ஒவ்வொரு பையனுடைய கனவும்.

கணக்குக் காட்டிய வழி

கனவுக்கும் ஒரு கணக்குண்டு. யப்பானில் 47 மாகாணங்கள் உள்ளன. கோடைப் போட்டிக்கு மாகாணத்துக்கு ஒரு கோஷ்டியே செல்லலாம். தோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் மாத்திரம் இரண்டிரண்டு இடங்கள். ஆக மொத்தம் 49. இந்த 49 இடங்களுக்காக ஏறத்தாழ 3,400 கோஷ்டிகள் மாகாணப் போட்டிகளில் மோதுகின்றன. ஒரு தோல்வியுடன் ஆட்டம் முடிந்தது.

மாகாணங்கள் எல்லாம் ஒரே அளவின அல்ல. கோஷியென் அமைந்துள்ள ஹியோகோவிலே ஓர் இடத்துக்கு 150க்கு மேற்பட்ட கோஷ்டிகள் போட்டியிடுகின்றன. தொத்தோரி மாகாணத்திலோ இருபது சொச்சந்தான். இக்கணக்கைப் பெற்றோரும் அறிவர், பயிற்சியாளரும் அறிவர். எனவே நெருக்கம் மிகுந்த பெருநகரங்களிலிருந்து வடக்கேயும் மேற்கேயும் உள்ள தூர மாகாணங்களுக்குப் பையன்கள் செல்லும் வழக்கம் உண்டாயிற்று. வெளிநாடு சென்று கற்பதற்கு வழங்கும் சொல்லையே யப்பானியர் இப்பயணத்துக்கும் இட்டு, 'பேஸ்போல் புறநாட்டுக் கல்வி' என்று பொருள்படப் பாதி கேலியாகவும் பாதி பெருமையாகவும் பேசுகின்றனர்.

ஹியோகோ மாகாணத்து இத்தமி நகரிலே ஆரம்பப் பாடசாலைப் பருவத்தில் ஒரே கோஷ்டியில் ஆடிய இரு சிறுவர் இருந்தனர். ஒருவன் மசஹிரோ தனாக்கா. மற்றவன் ஹயத்தோ சகமோத்தோ. இத்தமியிலிருந்து கோஷியென் மைதானம் சில மைல் தூரமே. அந்தச் சில மைலைக் கடப்பதற்காக ஒருவன் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் வடக்கே, பனி மூடிய ஹொக்கைடோவிலுள்ள தொமக்கொமாய் நகரத்துப் பாடசாலைக்குச் சென்றான். மற்றவன் ஒமோரி மாகாணத்துப் பாடசாலை ஒன்றிற் சேர்ந்தான். குளிர்காலத்திலே தனாக்காவின் பாடசாலைப் பையன்கள் பனியின் மேலே நின்று பந்து தடுத்துப் பழகினர். 2005இல் அப்பாடசாலை கோஷியெனில் வெற்றிவாகை சூடியது. தனாக்கா பின்னர் அமெரிக்கா சென்று 2014 முதல் 2020 வரை நியூ யோர்க் யாங்கீஸ் கோஷ்டியில் வீசினார். சகமோத்தோவும் தோக்கியோவின் ஜயன்ற்ஸ் கோஷ்டியிலே பெரும் புகழ் ஈட்டினார். ஒசாக்காவிற் பிறந்து வடக்கே செண்டாய் நகரத்துப் பாடசாலையிற் சேர்ந்த யூ டார்விஷும் இவ்வாறே அமெரிக்கா வரை சென்றவர்.

இவர்களைப் பார்த்தால் தூரம் போவதே சரியான வழி என்று தோன்றும். ஆனால், தூரம் போய்ப் பெயரின்றித் திரும்பிய பையன்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவதில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

மாற்ற முடியாத தெரிவு

யப்பானிலே கனிஷ்ட பாடசாலையின் 3 ஆண்டுகள் முடிந்ததும், 15 வயதிலே, பிள்ளைகள் பரீட்சை எழுதி மூன்றாண்டு உயர்நிலைப் பாடசாலையிற் சேர்கின்றனர். அரசாங்கப் பாடசாலைகள் பெரும்பாலும் தம் மாகாணத்து வாசிகளையே சேர்த்துக்கொள்ளும். தனியார் பாடசாலைகளுக்கு அந்த எல்லை இல்லை. ஆகையால் வலிமை மிக்க கோஷ்டிகளிற் பல தனியார் பாடசாலைகளுக்கே உரியன. கட்டணச் சலுகை காட்டி வீரர்களைச் சேர்ப்பது பற்றி 2007இல் நாடெங்கும் பெரிய சர்ச்சை எழுந்தது. அதன்பின் ஒரு வகுப்பாண்டுக்கு 5 பேருக்கு மேற்படாமல் இச்சலுகை வழங்கத்தக்கது என்று உயர்நிலைப் பாடசாலைப் பேஸ்போல் சம்மேளனம் வழிகாட்டியது.

பெற்றோர் முக்கியமாக அறிய வேண்டிய விதி வேறொன்று. ஒரு பாடசாலையிற் சேர்ந்த பின் மற்றொன்றுக்கு மாறும் மாணவன், மாறிய நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை உத்தியோகபூர்வமான ஆட்டங்களில் ஆடலாகாது. குடும்பம் முழுவதும் வேற்றூரிற் குடியேறுவது போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மாத்திரம், சம்மேளனத்தின் அனுமதியுடன் விலக்களிக்கப்படும். பாடசாலைகள் ஒன்றின் வீரனை மற்றொன்று கவர்ந்து செல்லாமல் தடுப்பதற்காக ஏற்பட்ட நியாயமான விதி இது. ஆனால் மூன்றாண்டுப் படிப்பில் ஓராண்டை இழப்பதென்றால் எஞ்சுவது என்ன? தகப்பனுக்கு உத்தியோக மாற்றம் கிடைத்துக் குடும்பமே பெயர்ந்தால் வழியுண்டு. பிள்ளையை மாத்திரம் தூரத்து விடுதியில் விட்டபின், "இந்த இடம் சரியில்லை, அம்மா" என்று அவன் எழுதினால், வழி மிகக் குறுகியது. ஆகவே அந்த முதற்றெரிவு பெரும்பாலும் கடைசித் தெரிவாகவே அமைந்துவிடுகிறது.

விடுதிச் சுவருக்குள்ளே

பெயர்பெற்ற பாடசாலையிற் சேர்ந்துவிட்டால் ஆட இடம் கிடைக்குமா? பெரிய பாடசாலைகள் சிலவற்றிலே பேஸ்போல் பயில்வோர் நூற்றுக்கு மேற்படுவர். கோஷியென் போட்டிக்கு இலக்கமிட்ட சட்டை அணிந்து செல்லக்கூடியோர் 2022 வரை 18 பேர். 2023 முதல் 20 பேர். மற்றையோர் மூன்றாண்டும் விடிகாலையில் எழுந்து, மைதானத்தைச் சமன் செய்து, பந்து பொறுக்கிப் பயின்றும், ஆட்டத்தன்று பார்வையாளர் மேடையில் நின்று ஒரே தாளத்திற் கை தட்டுவர். அதிலும் ஒரு கல்வி உண்டு. அதை நாம் இகழவில்லை. ஆயினும் ஊர்ப் பாடசாலையில் முதல்வனாக நின்றிருக்கக்கூடிய பையன் அங்கே நூற்றிலொருவன் ஆவான் என்பதைப் பெற்றோர் முன்னதாகவே அறிந்திருத்தல் நன்று.

விடுதி வாழ்க்கையிலே வேறோர் ஆபத்தும் உண்டு. மூத்தவன் சொல்லை இளையவன் மீறலாகாது என்பது யப்பானிய விளையாட்டுக் கழகங்களின் பழைய வழக்கு. நல்ல ஆசிரியர் கண்காணிப்பிலே அது ஒழுக்கமாகும். கண்காணிப்பு இல்லாவிடத்து அது கொடுமையாகும். ஒசாக்காவிலே கோஷியென் வெற்றியை 7 முறை ஈட்டிய பாடசாலையொன்று, மாணவரிடையே நிகழ்ந்த அடிதடியால் 2013இல் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டு, பின்னர்ப் புதிய மாணவரைச் சேர்ப்பதை நிறுத்தி, 2016இல் தன் கோஷ்டியையே மூடிவிட்டது. 2025 ஆகஸ்டில் ஹிரோஷிமா மாகாணத்துப் பாடசாலையொன்று, விடுதியில் இளைய மாணவன் தாக்கப்பட்ட விவகாரம் பெரிதானதும், கோஷியென் போட்டியின் நடுவிலேயே விலகிக்கொண்டது. கோப்பைகள் நிறைந்த கண்ணாடி அலுமாரியைப் பார்த்துப் பாடசாலையைத் தெரிவு செய்யும் பெற்றோர், விடுதிக்குள்ளும் ஒரு முறை எட்டிப் பார்த்தல் வேண்டும்.

கை ஒன்றே

இனிக் கையின் கதைக்கு வருவோம். 2006ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் தனாக்காவின் பாடசாலையும் தோக்கியோவின் வசேடா யிட்சுகியோ பாடசாலையும் மோதின. 15 சுற்றுக்கள் ஆடியும் 1–1 என்ற சமநிலை. மறுநாள் மீண்டும் ஆடினர். 4–3 என வசேடா வென்றது. கடைசியில் ஆட்டமிழந்தவர் தனாக்காவே. அவரை வீழ்த்திய யூக்கி சைத்தோ, அப்போட்டியில் மாத்திரம் 948 பந்துகள் வீசியிருந்தார். நாடே அவரைக் கொண்டாடிற்று. ஆனால், தொழில்முறை ஆட்டத்திலே தோள் நோவுடன் போராடிய அவர் 15 வெற்றிகளும் 26 தோல்விகளுமாக 2021இல் ஓய்வு பெற்றார். 2018இலே அக்கித்தா மாகாணத்தின் விவசாயப் பாடசாலையொன்று, ஊர்ப் பிள்ளைகளை மாத்திரமே கொண்டு இறுதியாட்டம் வரை சென்று எல்லாரையும் வியக்க வைத்தது. அதன் வீச்சாளர் கோசெய் யொஷிடா கோஷியெனில் வீசிய பந்துகள் 881.

ஊர்ப் பாடசாலையானாலும் பெரும் பாடசாலையானாலும் பையனின் கை ஒன்றுதான் என்பதை இது காட்டுகிறது. முழங்கையின் உட்புறத்து நாரும், இன்னும் முற்றாத எலும்பின் வளர்முனையும், ஓய்வின்றி எறியும்போது சிறிது சிறிதாகப் பழுதடைகின்றன. களைத்தபின் எறிவதே பெருங்கேடு என்று அமெரிக்க வைத்திய ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. 2018 இறுதியில் நீகாத்தா மாகாணச் சம்மேளனம் ஆட்டத்துக்கு 100 பந்து என்று எல்லையிட முன்வந்தது. அகில நாட்டுச் சம்மேளனம் கேட்டுக்கொண்டதனால் அதைக் கைவிட்டது. ஆனால் அதிலிருந்து எழுந்த விவாதத்தின் பயனாக, 2020 முதல் ஒருவர் ஒரு வாரத்தில் 500 பந்துகளுக்கு மேல் வீசலாகாது என்ற விதி வந்தது. ஐந்நூறும் குறைந்த தொகையன்று. எனவே எல்லையிடும் பொறுப்பு இன்னும் பாடசாலையில் நிற்கும் மனிதரிடமே உள்ளது.

அத்தகைய மனிதர் ஒருவர் அண்டையிலே இருந்தால் தூரம் போக வேண்டியதில்லை. இன்று உலகறிந்த ஷோஹெய் ஓத்தானி, வட யப்பானின் இவாத்தே மாகாணத்துப் பையன். அம்மாகாணத்திலேயே உள்ள ஹனமாக்கி ஹிகாஷி என்னும் தனியார் பாடசாலையிற் சேர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டு, 2009 இளவேனிற் போட்டியில், இவாத்தேப் பையன்களை மாத்திரமே கொண்ட அப்பாடசாலை இறுதியாட்டம் வரை சென்றிருந்தது. உயர வளர்ந்துகொண்டிருந்த ஓத்தானியை, எலும்பு முற்றவில்லை என்று கண்டு, பயிற்சியாளர் முதலிற் பந்து வீச விடாமல் வெளிக்களத்தில் நிறுத்தினார். இலட்சியங்களை 81 கட்டங்களில் எழுதச் செய்தார். அக்கட்டங்களிலே வேகப் பந்து மாத்திரம் இல்லை. குப்பை பொறுக்குதல், வணக்கம் சொல்லுதல், புத்தகம் வாசித்தல் என்பனவும் இருந்தன. ஓத்தானி பாடசாலை நாளில் கோஷியெனை வென்றவர் அல்லர். ஆயினும் அவர் கை அங்கே அழியவில்லை.

கடல் கொண்ட ஊரிலிருந்து

இப்போது அந்தப் பையனின் வரலாறு. அதே இவாத்தே மாகாணத்தின் கடலோரத்தில் ரிக்குசென்தக்காட்டா என்னும் சிறு நகரம் உண்டு. 2011 மார்ச் 11ஆந் திகதி பூமி அதிர்ந்து கடல் பொங்கியபோது அந்நகரில் 1,700 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட எமக்கு அதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆரம்பப் பாடசாலையில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ரோக்கி சசாக்கி என்ற 9 வயதுச் சிறுவன் அன்று தந்தையையும், தந்தையின் பெற்றோரையும் இழந்தான். தாயார் மூன்று ஆண் பிள்ளைகளுடன் அண்டை நகரமாகிய ஒபுனாட்டோவிற் குடியேறினார்.

இடம்பெயர்ந்து வந்த பிள்ளைக்குப் புதிய ஊர் எப்பொழுது சொந்த ஊராகிறது? வீடு கிடைத்த நாளில் அன்று. கூட ஆடத் தோழர் கிடைத்த நாளிலே. ஒபுனாட்டோவின் கனிஷ்ட பாடசாலையிலே ரோக்கிக்கு அத்தகைய தோழர் கிடைத்தனர். இடையில் முதுகெலும்பு நோவினால் நெடுநாள் பந்து தொடாமல் இருந்து, பின்னர் மணிக்கு 141 கிலோமீற்றர் வேகத்தில் வீசத் தொடங்கினான். பெயர்பெற்ற தனியார் பாடசாலைகள் அவனை அழைத்தன. கணக்கின்படி பார்த்தால் அவற்றுள் ஒன்றுக்குத்தான் போயிருக்க வேண்டும். ரோக்கியோ, தோழரோடு சேர்ந்து உள்ளூர்ப் பிள்ளைகளாகவே பெரிய பாடசாலைகளை வெல்ல வேண்டும் என்று விரும்பி, அரசாங்கப் பாடசாலையாகிய ஒபுனாட்டோ உயர்நிலைப் பாடசாலையிற் சேர்ந்தான். அப்பாடசாலை கோஷியெனைக் கண்டது 1984இல்தான்.

அங்கே யோஹெய் கொகுபோ என்ற இளம் ஆசிரியர் பயிற்சியாளராயிருந்தார். 2019 ஏப்பிரலில் ரோக்கியின் பந்து மணிக்கு 163 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டது. பாடசாலைப் பையன் எவனும் முன்னர் எட்டாத வேகம் அது. நாடெங்கும் ஆரவாரம் எழுந்தது. ஆனால், வைத்தியப் பரிசோதனையில் அவன் எலும்புகள் இன்னும் முற்றவில்லை என்று தெரிந்தது. அதைக் கருத்திற் கொண்டவர் கொகுபோ.

யூலையில் மாகாணப் போட்டி நடந்தது. 21ஆந் திகதி ரோக்கி 12 சுற்றுக்கள் நின்று 194 பந்துகள் வீசி வென்றான். அடுத்த ஆட்டத்தில் அவனுக்கு ஓய்வு கொடுத்தும் கோஷ்டி வென்றது. 24ஆந் திகதி அரையிறுதியில் 129 பந்துகள் வீசி வென்றான். மறுநாள் இறுதியாட்டம், எதிரே ஓத்தானி படித்த அதே ஹனமாக்கி ஹிகாஷி. வென்றால் 35 ஆண்டுகளின் பின் கோஷியென். அரங்கு நிரம்பி வழிந்தது. வீரர் பட்டியல் வாசிக்கப்பட்டபோது அதிலே ரோக்கியின் பெயர் இல்லை. கடைசிவரை அவன் பந்து வீசவும் இல்லை, துடுப்பெடுத்தாடவும் இல்லை. 12–2 என்று ஒபுனாட்டோ தோற்றது.

காயம் நேரும் ஆபத்து இந்த மூன்றாண்டுகளில் என்றும் இல்லாத அளவு அன்று மிகுந்திருந்ததாகக் கருதித் தாமே அவனை நிறுத்தியதாகக் கொகுபோ கூறினார். கேட்டிருந்தால் வீசுவேன் என்று அவன் சொல்லியிருப்பான் என்பதும் அவருக்குத் தெரியும். பாடசாலைத் தொலைபேசி ஓயாமல் ஒலித்தது, ஏசியவர் பலர். பழைய வீரர் ஒருவர் தொலைக்காட்சியிலே கண்டித்தார். அமெரிக்காவிலிருந்த டார்விஷோ பயிற்சியாளர் பக்கம் நின்றார்.

இதில் ஒரு பக்கம் மாத்திரமே நியாயம் என்று நாம் சொல்லத் துணியோம். ரோக்கியின் கோஷ்டியில் இன்னும் பல பையன்கள் இருந்தனர். கடலோரத்தின் இடிபாட்டுக்கிடையே வளர்ந்த அவர்களுக்கும் அது ஒரேயொரு கோடை; பலர் அதன்பின் மட்டையைத் தொட்டிருக்க மாட்டார்கள். அவர்களுடைய கனவையும் சேர்த்தே கொகுபோ அன்று பணயம் வைத்தார். ஒருவனுடைய கைக்காகப் பலருடைய கோடையை விலையாகக் கொடுப்பது எளிதான காரியமன்று.

ஆயினும் நாம் இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளின் முன், பொறுப்பாசிரியராகக் கல்லூரிக் கோஷ்டியுடன் சென்ற ஓர் ஆட்டத்தில், தோள் நோகிறது என்று சொன்ன பையனை, "இன்னும் ரண்டு ஓவர் போடு, தம்பி" என்று நாமே கேட்டுக்கொண்டோம். அவன் போட்டான்; ஆட்டத்தை வென்றோம். பின்னர் அந்தப் பருவம் முழுவதும் அவன் பந்து வீசவில்லை. அவன் எம்மைக் குறை கூறவும் இல்லை. அந்த ஆட்டத்தில் எத்தனை ஓட்டத்தால் வென்றோம் என்பது இன்று எமக்கு நினைவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எம்மைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. ஆகவே கொகுபோவைக் கண்டிக்க எமக்கு வாய் வரவில்லை.

பின்னர் நிகழ்ந்தது

அவ்வாண்டே தொழில்முறைக் கோஷ்டிகள் நான்கு ரோக்கியைக் கேட்டன; திருவுளச்சீட்டிலே சிபா நகரின் லொத்தே கோஷ்டி அவரைப் பெற்றது. 2020 முழுவதும் அவரை ஓர் ஆட்டத்திலும் இறக்காமல் உடலை வளர்க்கச் செய்தனர். 2022 ஏப்பிரல் 10ஆந் திகதி, 20 வயதிலே, எதிர்க் கோஷ்டியின் 27 பேரில் ஒருவரேனும் முதற் றளத்தை எட்டாதபடி 105 பந்துகளில் வீழ்த்தினார். யப்பானிலே 28 ஆண்டுகளாக எவரும் செய்யாத சாதனை அது. ஒரு வாரம் கழிந்தது. அடுத்த ஆட்டத்திலும் 8 சுற்றுக்களில் எவரையும் தளத்துக்கு விடவில்லை. மீண்டும் அதே சாதனைக்கு ஒரு சுற்றே தூரம். அந்நிலையில், 102 பந்துகள் ஆயின என்று கண்டு, முகாமையாளர் அவரை நிறுத்திவிட்டார். ஒபுனாட்டோவில் நிகழ்ந்தது மீண்டும் நிகழ்ந்தது போலும்!

2025இல் அவர் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் கோஷ்டியிற் சேர்ந்து, ஓத்தானியின் சகபாடியானார். அவ்வாண்டிலேயே தோள் நோவால் சில மாதங்கள் ஆடாமல் இருந்து, பின்னர் மீண்டு வந்து அக்கோஷ்டி உலகத் தொடரை வெல்லத் துணை நின்றார். பேணி வளர்த்த கைக்கும் நோவு வரவே செய்யும். 2019இல் நிறுத்தியதனாலேயே இத்தனையும் கிட்டிற்று என்று எவரும் நிரூபிக்க முடியாது. ஆனால் அன்று நிறுத்தாமல் விட்டு, கை முறிந்திருந்தால், எவரும் அதை ஒட்டியிருக்க முடியாது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

யப்பானிய அனுபவத்திலிருந்து, இடம் மாறும் பெற்றோர்க்குச் சில கேள்விகளைத் திரட்டிக் கூறலாம். முதலாவது: ஆட்டம் இல்லாவிட்டாலும் இப்பாடசாலையில் எம் பிள்ளையைச் சேர்ப்போமா? ஒரு காயத்தால் ஆட்டம் போய்விடும்; படிப்பு நிற்க வேண்டும். இரண்டாவது: மாற்றம் பற்றிய விதிகள் என்ன? சேருமுன் கேட்டறிக; சேர்ந்தபின் அறிந்து பயனில்லை. மூன்றாவது: கோஷ்டியில் எத்தனை பேர், ஆட்டத்தில் எத்தனை பேர், இடம் கிடையாத பிள்ளைகள் எங்ஙனம் நடத்தப்படுகின்றனர்? முதல்வனை எல்லாரும் நன்றாகவே நடத்துவர்; கடையனை நடத்தும் முறையிலேதான் பாடசாலையின் குணம் தெரியும். நான்காவது: விடுதியில் இரவிலே யார் பொறுப்பு? ஐந்தாவது: பையன் என்ன விரும்புகிறான்? தோழரோடு இருக்க விரும்புவது சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளற்க. ஊரிழந்த ஒரு பையனுக்கு அத்தோழமையே ஊராயிற்று.

இவை எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி ஒன்றுண்டு. கோப்பை வெல்லத் தெரிந்த பயிற்சியாளர் பலர் உளர். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "போதும், தம்பி, இரு" என்று சொல்லத் துணிபவர் சிலரே. பாடசாலையைத் தெரிவு செய்வதென்பது அந்தச் சிலரில் ஒருவரைத் தேடுவதேயாகும்.

அடுத்த ஆண்டும் கல்லூரி விறாந்தையிலே ஒரு தந்தை வந்து நிற்பார். மகன் நல்லாய்ப் போல் போடுவான் என்பார். இம்முறை நாம் சிரிக்கப் போவதில்லை. "முதற் கோஷ்டியில் இடம் கிடைக்குமோ என்று கேட்க முன், இங்கே இவனை மறிக்கக்கூடிய ஆள் ஆர் என்று கேளுங்கள், ஐயா" என்று சொல்லுவோம். அந்தக் கேள்விக்கு விடையாக எம் பெயரைச் சொல்லும் தகுதி எமக்கு உண்டா என்பதையும் அன்று யோசிப்போம்.